பெரிய வியாழனும் என் வலது காலும்

பீடத்துக்குக் கீழே பன்னிரண்டு நாற்காலிகளை ஒரே வரிசையாகப் போட்டிருந்தார்கள். எட்டாவதில் நான் உட்கார்ந்திருந்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் குறுக்காக ஒரு சிவப்புப் பட்டை. எதிரே கோயில் நிறைய சனம். மின்விசிறிகள் எல்லாம் சுற்றியும் முதுகு நனைந்துவிட்டது.

பெரிய வியாழன் சாயங்காலப் பூசை அது. இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்து, அன்றைக்குப் பங்குச் சாமியார் பன்னிரண்டு பேரின் பாதத்தைக் கழுவுவார். எங்கள் பங்குக் கோயிலில் வலது பாதத்தைத்தான் கழுவுவது வழக்கம். ஏன் வலது என்று யாரும் கேட்டதில்லை. நானும் அந்த வருடம் வரை கேட்டதில்லை.

என் வலது கால், வீங்கிய கால். விரலில் தொடங்கி முழங்கால் வரை கட்டுப் போட்டு வேட்டிக்குள் வைத்திருந்தேன். பாதத்தில் தெரிந்த கட்டைப் பார்த்து விசாரித்தவர்களிடமெல்லாம் என் மனைவி ரீத்தா, "சுளுக்கு" என்று சொல்லி வைத்திருந்தாள்.

ஏழாவது நாற்காலியில் லாரன்ஸ் அண்ணாச்சி. விசைப்படகு வைத்திருப்பவர். அவர் மகனுக்குத்தான் என் மகள் பிரின்சியைப் பேசிக்கொண்டிருந்தோம். ஈஸ்டர் முடிந்ததும் நிச்சயம் என்று வாய்ப்பேச்சாக இருந்தது. அவர் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்.

"சுளுக்கு எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"பரவால்ல. கொறைஞ்சிட்டு."

கோயிலில், பீடத்துக்கு முன்னால், பெரிய வியாழனும் அதுவுமாகச் சொன்ன பொய். சொல்லும்போது நாக்கு குழறக்கூட இல்லை.

தடி உருண்ட நாள்

துறைமுகத்தில் கப்பலிலிருந்து மரத்தடிகள் இறங்கிய காலத்தைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். ஒரு வாசகர் போன் செய்து, "வேலையப் பத்தியே எழுதுதீரே, உம்ம உடம்பப் பத்தி ஒண்ணுமில்லையா?" என்று கேட்டார். ஓய்வு பெற்ற டேலி கிளார்க்கின் உடம்பில் என்ன ஓய் சுவாரசியம் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பிறகு யோசித்தால், அந்தத் தடியும் என் காலும் ஒரே கதைதான்.

டேலி கிளார்க் என்றால் கப்பலிலிருந்து இறங்கும் சரக்கைப் பக்கத்தில் நின்று எண்ணிக் குறிப்பவன். எத்தனை வந்தது, எத்தனை குறைவு, எது சேதம். வெயிலானாலும் மழையானாலும் அட்டையும் பேனாவுமாக நிற்க வேண்டும். அப்படி ஒரு மழை நாளில், யார்டில் அடுக்கியிருந்த தடிகளில் ஒன்று நழுவி உருண்டு வந்து என் வலது கெண்டைக்காலைக் கிழித்துக்கொண்டு நின்றது.

எலும்பு முறியவில்லை. தையல் போட்டார்கள். இரண்டு வாரத்தில் வேலைக்குப் போய்விட்டேன். ஆயுசு முழுக்க மற்றவர்களின் சரக்கில் சேதம் கண்டுபிடித்தவன், என் காலைப் பார்த்து ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

அதற்கப்புறம் வருடத்துக்கு ஒரு தடவை, சில வருடம் இரண்டு தடவை, காய்ச்சல் வரும். குளிர் தூக்கிப் போடும். கால் சிவந்து, தொட்டால் சுடும். மாத்திரை சாப்பிட்டால் காய்ச்சல் போய்விடும். வீக்கம் மட்டும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டுப் போகும். முதலில் செருப்பின் வார் இறுகியது. பிறகு செருப்பே நுழையவில்லை.

வறுத்த உப்பு

எங்கள் ஊரில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் உப்புக்கு வராது. முத்தையாபுரம் தாண்டினால் ரெண்டு பக்கமும் உப்பளம்தான். ஆகவே எங்கே எது வீங்கினாலும் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் வைப்பது என்பது எங்களுக்குக் கோயிலில் முழங்கால் போடுவது மாதிரிப் பழக்கம். டாக்டரிடம் அதற்கப்புறம்தான் போவோம்.

பக்கத்து வீட்டு செலின் அக்கா ஒரு மாதம் விடாமல் வாணலியோடு வந்தார்.

"சூடு ஏறுனாத்தான் நீரு எறங்கும் தம்பி. பொறுத்துக்கிடுங்க."

பொறுத்துக்கொண்டேன். அந்தத் தோலில் உணர்ச்சி மட்டு என்பது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. நீர் இறங்கவில்லை. தோல்தான் கொப்பளித்து உரிந்தது. உரிந்த மூன்றாம் நாள் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்தேன். செலின் அக்கா பார்க்க வந்து, "உப்பு நல்ல உப்புதான், ஒங்க தோலுதான் சரியில்ல" என்றார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த ஆஸ்பத்திரியில்தான் பியூலாவைப் பார்த்தேன். சாயர்புரத்துப் பெண், பிசியோதெரபிஸ்ட். என் பிரின்சியைவிட நாலைந்து வயது கூட இருக்கும். உருவத்துக்குச் சம்பந்தமில்லாத அதட்டல்.

"உப்பு வச்சியளோ?" என்பதுதான் முதல் கேள்வி. "இந்த ஊர்ல வாற எல்லாக் காலும் உப்பு வச்ச காலுதான்."

யானைக்காலா என்று கேட்டேன். அந்த வார்த்தையைச் சொல்லவே எனக்கு வாய் வரவில்லை.

"கொசுக்கடியால வாற புழுவுக்கு ரத்தம் பாத்தாச்சு. அது இல்ல. அதுவா இருந்தாலும் தொட்டா ஒட்டாது அண்ணாச்சி, பிள்ளையளுக்கும் போவாது. எதுக்கு இப்படி மொகத்தத் தொங்கப் போடுதிய?"

உடம்பில் ரத்தக் குழாய் போக நிணநீர்க் குழாய் என்று இன்னொன்று ஓடுகிறதாம். சதையில் தேங்கும் நீரை வடித்து மேலே கொண்டுபோவது அதன் வேலை. தடி கிழித்ததில் அதில் பல அறுந்துவிட்டன. மிச்சமிருந்ததை ஒவ்வொரு காய்ச்சலும் கெடுத்தது. எனக்கு அது உடனே விளங்கிற்று. தடி யார்டில் ஓடை அடைத்துக்கொண்டால் மழைத் தண்ணீர் அடுக்குக்கு அடியில் அப்படியே நிற்கும். மோட்டார் வைத்து இறைத்தாலும் மறுநாள் நிற்கும். ஓடையைத்தான் பார்க்க வேண்டும்.

"அப்ப எப்பச் சரியாவும்?" என்று கேட்டேன்.

"சரியாவாது. பாத்துக்கிட்டா அடங்கி இருக்கும்."

இத்தனை வருடத்தில் ஒருத்தரும் இவ்வளவு நேராக எனக்குப் பதில் சொன்னதில்லை. கோபம் வந்தது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது.

ஒரு காலுக்கு வேலை பார்ப்பது

அன்றிலிருந்து என் நாளில் முக்கால் மணி நேரம் அந்தக் காலுக்கு. சோப்புப் போட்டுக் கழுவி, துவாலையால் ஒற்றி, விரலிடுக்கு ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் துடைக்க வேண்டும். ஈரம் நின்றால் புண் வரும், புண் வழியே கிருமி போகும், காய்ச்சல் வரும். பிறகு வறளாமலிருக்க ஒரு களிம்பு. அதற்கு மேல் பனியன் துணி உறை, பஞ்சுச் சுருள், அதற்கு மேல் கட்டுத்துணி. பாதத்தில் இறுக்கமாகத் தொடங்கி மேலே போகப் போக இளக்கம். தலைகீழாகக் கட்டினால் நீர் விரலுக்கு இறங்கிவிடும். முதல் வாரம் நான் அப்படித்தான் கட்டினேன். பியூலாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கட்டோடு நடக்க வேண்டும். படுக்கும்போது காலுக்கடியில் தலையணை. வீட்டுக்குள்ளும் வெறுங்காலில் நடக்கக் கூடாது. தண்ணீர் குடிப்பதைக் குறை என்று ஊரே சொன்னது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லையாம். சிவந்து சூடு கண்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது.

மாதத்துக்கொரு தடவை டேப் வைத்துச் சுற்றளவு எடுத்துப் பழைய டேலி அட்டையில் குறிப்பேன். ஆறு மாதத்தில் கணிசமாகக் குறைந்தது. இரண்டு வருடம் காய்ச்சல் எட்டிப் பார்க்கவில்லை. அதோடு நின்றிருந்தால் இந்த வாரம் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

காலைப் பூசைக்கு மட்டும்

பிரின்சிக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினோம். அவள் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். முதலில் ஆலந்தலைப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்தது. நான் கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தேன். பையனின் தாய் பலகாரத்தைத் தொடவில்லை. கண் முழுக்க ஸ்டூலில்தான் இருந்தது. "சொல்லி அனுப்புதோம்" என்று எழுந்தார்கள். சொல்லி அனுப்பவில்லை. யானைக்கால் வீடு என்று பேசிக்கொண்டதாக மட்டும் காதுக்கு வந்தது.

ரீத்தா ரெண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், "அடுத்தால வாறவங்க கண்ணுல ஒங்க காலு படக் கூடாது" என்றாள்.

"கால எங்க ஏளா கழத்தி வைக்க?"

"கட்டத்தான கழத்தச் சொல்லுதேன். கட்டுனாத்தான் தூணு மாதிரி தெரியுது. பேண்டு போட்டா ஒருத்தருக்கும் தெரியாது."

அடுத்து வந்தவர்கள்தான் லாரன்ஸ் அண்ணாச்சி குடும்பம். பெண் பார்த்துவிட்டுப் போனதும் தவக்காலம் தொடங்கிவிட்டது. தவக்காலத்தில் நாங்கள் நல்ல காரியம் செய்வதில்லை. ஈஸ்டர் வரை நாற்பது நாளும் அவர்கள் கண்ணில் படாமல் இருக்க முடியாது, ஒரே பங்குக் கோயில்.

இந்த வீக்கத்துக்கு ஒரு குணம் உண்டு. இரவெல்லாம் தூக்கி வைத்துப் படுத்தால் காலையில் வடிந்திருக்கும். பொழுது ஏற ஏற இறங்கி நிரம்பும். காலையில் என் கால் யோக்கியன், சாயங்காலம் குடிகாரன். எனவே காலைப் பூசைக்கு மட்டும் போவது என்று நானும் ரீத்தாவும் திட்டம் போட்டோம். கட்டை அவிழ்த்து, பேண்டு மாட்டி, லாரன்ஸ் அண்ணாச்சியும் அவர் சம்சாரமும் நிற்கிற இடத்தில் வேண்டுமென்றே போய் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டு வருவேன். வந்த பிறகு கட்ட அலுப்பாக இருக்கும். நாளடைவில், பேண்டுக்குள் பிரின்சிக்குக்கூடத் தெரியாதபடி, கட்டாமலே விட்டேன். ஏதோ சாமர்த்தியம் செய்கிற மாதிரி இருந்தது எனக்கு.

நாலாவது வாரம் குளிர் தூக்கிப் போட்டது. மறுபடியும் அதே ஆஸ்பத்திரி, அதே கட்டில் வரிசை.

பியூலா போர்வையை விலக்கிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"கட்டு எங்க அண்ணாச்சி?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவள் அதட்டவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஒவ்வொரு காய்ச்சலும் இருக்குற கொழாயில கொஞ்சத்த எடுத்துட்டுப் போயிரும். போனது வராது. ரெண்டு வருசமா நீங்க பாத்த வேல பூரா போச்சு," என்றாள். பிறகு மெதுவாக, "கல்யாணத்தன்னைக்கு என்ன செய்வியளாம்? அதுவும் காலையில மட்டுமா?" என்றாள்.

நான் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டேன்.

சீட்டில் வந்த பேர்

வீட்டுக்கு வந்த வாரமே அன்பியக் கூட்டம். இருபது முப்பது வீடு சேர்ந்தது ஓர் அன்பியம். பாதம் கழுவ ஒவ்வொரு அன்பியத்திலிருந்தும் ஓர் ஆளைச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். சிஸ்டர் ஒரு சீட்டை எடுத்து, "அந்தோணி" என்று என் பேரை வாசித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். என் பக்கத்தில் ரீத்தாவும் கைதட்டினாள், முகத்தில் ஈயாடவில்லை.

மாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டும். எங்களூரில் அந்த நாற்காலியை வேண்டாம் என்றவன் கிடையாது. பேர் வந்தவர்கள் ஒரு வாரம் முன்னாலிருந்தே குதிகாலைக் கல்லில் தேய்ப்பதும், நகம் வெட்டுவதும், அன்றைக்குப் பவுடர் போடுவதுமாக, கழுவ ஒன்றுமே இல்லாத பாதத்தோடு வந்து உட்காருவார்கள். லாரன்ஸ் அண்ணாச்சி பேரும் அவர் அன்பியத்தில் வந்திருந்தது.

பூசையோ சாயங்காலம். கால் அதன் மோசமான நேரத்தில் இருக்கும். கட்டில்லாமல் போக இனி எனக்குத் துணிச்சல் இல்லை. அப்போதுதான் ரீத்தா சுளுக்கைக் கண்டுபிடித்தாள். "சாமிகிட்ட நான் சொல்லிருதேன். நீங்க எடது கால நீட்டுங்க. முடிஞ்சிட்டு." இடது காலை நானும் கல்லில் தேய்த்து வைத்தேன்.

எந்தக் கால்?

சாமியார் இடுப்பில் துவாலையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் மண்டியிட்டு வந்தார். புதிதாக வந்த இளவயதுச் சாமியார். அவருக்கு உதவியாக உபதேசியார் ஒரு கையில் தண்ணீர்க் குவளையும் மறு கையில் தாம்பாளமுமாகக் கூடவே வந்தார். பாடகர் குழு பாடிக்கொண்டிருந்தது. லாரன்ஸ் அண்ணாச்சியின் பாதம் முடிந்தது. என் முன்னால் வந்து மண்டியிட்டு, தலையைத் தூக்கிக் கேட்டார்.

"எந்தக் கால் அண்ணாச்சி?"

ரீத்தா சொன்னதை மனதில் வைத்துத்தான் கேட்டார். இடது என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. எனக்குப் பியூலா கேட்டது ஞாபகம் வந்தது. கல்யாணத்தன்றைக்குத் தெரியாவிட்டால் அதற்கு மறுவாரம் தெரியும். அப்போது அந்த வீட்டுக்குள் நிற்பது நானல்ல, பிரின்சி. என் காலுக்கு அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இந்தச் சம்பந்தம் போனால் இப்போதே போகட்டும் என்று நினைத்தேன். பயமாகத்தான் இருந்தது.

"வலது கால் சாமி," என்றேன்.

குனிந்து கட்டை அவிழ்க்கத் தொடங்கினேன். அவசரத்துக்கு அவிழ்கிற கட்டு அல்ல அது. ஒரு சுருள் முடிந்தால் அடுத்த சுருள். உபதேசியார் வைக்க இடமில்லாமல் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு பஞ்சு. பிறகு உறை. பாட்டு முடிந்துவிட்டது. பாடகர் குழுத் தலைவர் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி பல்லவியிலிருந்து எடுத்தார். அதுவும் முடிந்து, மூன்றாம் தடவையும் பாடினார்கள்.

கால் வெளியே வந்தது. தடித்த தோல், கட்டுத்துணி அழுத்திய வரிகள், பழைய தையல் தழும்பு. முன்வரிசையில் யாரோ, "ஏ மாதாவே!" என்றார்கள். ரீத்தா இருந்த பக்கம் நான் பார்க்கவில்லை.

சாமியார் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். மேலாகத் துடைத்து முத்தம் செய்துவிட்டு எழுந்திருக்கப் போனார். என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது.

"சாமி, விரலிடுக்குல ஈரம் நிக்கக் கூடாது."

அவர் கழுத்தில் மைக் இருந்தது. நான் குனிந்து அவர் காதோரம் சொன்னது கோயில் முழுக்கக் கேட்டது, வெளியே பந்தலில் நின்றவர்களுக்கும் கேட்டது. சாமியார் மறுபடி மண்டியிட்டு, துவாலை நுனியை முறுக்கி, நாலு இடுக்கையும் ஒவ்வொன்றாகத் துடைத்தார். போதுமா என்று கண்ணால் கேட்டார். தலையாட்டினேன். ஒன்பதாவது நாற்காலிக்குப் போனார்.

எனக்கு மறுபடி கட்ட வேண்டும். மடியில் துணி குவிந்து கிடந்தது. சுருட்டாமல் கட்ட முடியாது. லாரன்ஸ் அண்ணாச்சி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, ஒரு நுனியை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார். வலை சுருட்டிப் பழகிய கை, சுருக்கமில்லாமல் வந்தது.

"எங்களுக்குத் தெரியும் அண்ணாச்சி," என்றார் தலை நிமிராமல்.

"என்ன தெரியும்?"

"சுளுக்கு இல்லன்னு. பொண்ணு பாத்துட்டு வந்த அன்னைக்கே ஒங்க மக எம் மவன்கிட்டச் சொல்லிட்டா. போட்டோவும் அனுப்பியிருக்கா. எப்படி வந்துது, என்ன செய்யணும், எல்லாம்."

"பொறவு ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"எங்க வீட்டுக்காரிதான் சொன்னா, அவிய வாயால சொல்லட்டும்னு. கால் வீங்குனா பாத்துக்கிடலாம், மறைக்கிற வீட்டுல எப்படிப் பொண்ணு எடுக்கன்னா. தெனமும் காலப் பூசையில பக்கத்துல வந்து நிக்கிய, கடல்ல காத்து எப்படிங்கிய, மீன் பாடு எப்படிங்கிய, இத மட்டும் சொல்ல மாட்டங்கிய. இப்பக்கூடக் கேட்டம்லா?" சுருளை என் கையில் கொடுத்தார். "எடது கால நீட்டியிருந்தியன்னா ஈஸ்டருக்கு நாங்க வந்திருக்க மாட்டோம்."

முதல் சுற்றைத் தப்பாகக் கட்டி, அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குக் கோபம் பொங்கிவிட்டது. நிம்மதி வரவேண்டிய இடத்தில் அதுதான் வந்தது. பிரின்சி நடுவீட்டில் தலைவலித் தைலத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவளும் கோயிலில் மூன்றாவது வரிசையில் இருந்தவள்தான்.

"ஏளா, நீதான் அன்னைக்கே சொல்லிட்டியே! எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன? ஒனக்காவ நானும் ஒங்கம்மையும் நாப்பது நாளு என்ன பாடு பட்டோம் தெரியுமா? கட்டில்லாமத் திரிஞ்சு ஆஸ்பத்திரியில கெடந்தேனே!"

அவள் கத்தவில்லை. தைலப் புட்டியை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"கட்ட அவுத்துட்டுத் திரியுதியன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனேப்பா. எனக்காவ, எனக்காவன்னு ரெண்டு பேருமாச் செஞ்சிய. எங்கிட்ட மட்டும் ஒங்க ரெண்டு பேருல யாரும் சொல்லல."